அடுத்த வகுப்புக்கு ஆயாவையும் கூப்பிடுங்கள்

டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் பாலூட்டல் ஆலோசகர்களுக்குத் தொடர்கல்வி வகுப்பு நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். நம் வீட்டு வழக்கங்களைப் பற்றி ஒரு நாள் வகுப்பு வையுங்கள், பாட்டிமாரையும் அதில் பேசக் கூப்பிடுங்கள் என்று உங்களுக்கு இரண்டு முறை ஆங்கிலத்தில் எழுதினேன். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பதில் வந்தது. இந்த முறை தமிழில், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். நான் சொல்ல வந்ததே சீம்பால், பத்தியம், பால் கட்டு என்ற சொற்களுக்குள்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் பாதி கை நழுவிப் போகிறது. உங்களில் தமிழ் படிப்பவர்கள் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

விதி உங்களுக்குத் தெரிந்ததுதான், வெளியில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பாலூட்டல் ஆலோசகர்களுக்கான சர்வதேசத் தேர்வு வாரியம் 1985-ல் தொடங்கியது. அது தரும் சான்றை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்வியில் 75 புள்ளிகள் சேர்க்க வேண்டும். அதில் 50 பாலூட்டலுக்கு, 5 தொழில் ஒழுக்கத்துக்கு. 250 மணி நேரம் வேலை செய்ததற்கான கணக்கும் காட்ட வேண்டும். முன்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் பரீட்சை எழுதியே ஆக வேண்டும். இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு சுயமதிப்பீடு செய்துவிட்டு, எந்தத் துறையில் நமக்குப் போதாது என்று அது காட்டுகிறதோ அந்தத் துறையில் வகுப்பு கேட்டுப் புள்ளி சேர்க்கலாம்.

நல்ல மாற்றம். நான் இதை மனதார வரவேற்கிறேன். ஐம்பதை நெருங்கும் செவிலியர் இரவுப் பணி முடிந்து வந்து பரீட்சைக்குப் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பரீட்சை இருந்த இடத்தில் இப்போது வகுப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் வகுப்பில் என்ன சொல்லித்தருகிறீர்கள் என்பதற்கு முன்பு இல்லாத கனம் வந்துவிட்டது.

என் சுயமதிப்பீட்டில் எனக்குப் போதாது என்று காட்டிய துறை, உளவியல், சமூகவியல், மானிடவியல். வாரியம் வகுத்த ஏழு துறைகளில் அதுவும் ஒன்று. சரி என்று அதற்கான வகுப்பைத் தேடினேன். கிடைத்தது அமெரிக்காவில் நடந்த ஓர் இணைய வகுப்பு, நம் ஊர் நேரத்துக்கு இரவு ஒரு மணி. பால் எடுக்கும் பம்புக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தருவது பற்றியும், வேலையிடத்தில் பால் எடுப்பதற்கு அங்கே 2022-ல் வந்த சட்டம் பற்றியும் அருமையாகச் சொன்னார்கள். அவர்கள் ஊருக்கு அது வேண்டும். என்னிடம் வருகிறவளோ கடையில் பில் போடும் பெண். இங்கே தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி பேறுகால விடுப்பு உண்டு. வேலைக்குத் திரும்பினால் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பால் கொடுக்கவோ எடுக்கவோ ஒரு நாளைக்கு இரண்டு அரைமணி இடைவேளை தர வேண்டும் என்று அரசின் நன்னடத்தை விதி சொல்கிறது. இதை அவள் முதலாளியிடம் எப்படிப் பேசிக் கேட்பது என்று எந்த வகுப்பும் எனக்குச் சொல்லவில்லை.

போன மார்ச்சில் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு வீடு. பிரசவமாகி நாலாம் நாள். மார்பு இரண்டும் கல்லாகக் கட்டி, தோல் பளபளவென்று இழுத்து நிற்கிறது. காம்பு தட்டையாகிவிட்டதால் குழந்தை வாயைத் திறந்து திறந்து பார்க்கிறது, கவ்வ முடியவில்லை. தாய் ஆங்கிலத்தில் அழுகிறாள். அவளுடைய ஆயா (நம் ஊரில் பாட்டியை ஆயா என்றுதானே கூப்பிடுகிறோம்) தமிழில் பதறுகிறார். கட்டில் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர், அதில் நனைத்த பஞ்சு. அடுப்பங்கரையில் இருந்து பூண்டு போட்ட சுறாப்புட்டு வாசம். ஆயா கையில் வெந்நீரில் பிழிந்த துண்டு. அழுத்தித் தேய்க்கத் தயாராக நின்றார்.

அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. நானே எத்தனை வருஷம் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! சூடாக ஒத்தடம் கொடு, நன்றாகத் தேய், ஒரு சொட்டு விடாமல் எடு என்று. 2022-ல் தாய்ப்பால் மருத்துவ அகாடமியின் 36-ஆம் வழிகாட்டி அதை மாற்றிவிட்டது. அழுத்தித் தேய்த்தால் உள்வீக்கம் கூடும். குளிர் ஒத்தடம் கொடு. தேவைக்கு மேல் பீய்ச்சாதே. இதை நான் கற்றது உங்கள் வகுப்பில்தான். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. ஆனால் பிள்ளை பெற்ற உடம்பில் குளிர்ச்சி படவே கூடாது என்று அறுபது வருஷமாக நம்பும் ஆயாவிடம் ஐஸ் கட்டியை எப்படிக் கொண்டுபோவது?

அன்றைக்கு எனக்கு வழிகாட்டியது முட்டைக்கோஸ். ஃபிரிட்ஜில் இருந்த இலையை எடுத்து, நரம்பை நசுக்கி, "ஆயா, இதை வைத்துப் பார்ப்போமா?" என்றேன். "இலை வைத்தியமா, சரிம்மா" என்றார். காம்பைச் சுற்றி விரல் நுனியால் மெதுவாக அழுத்தி வீக்கத்தை உள்ளே தள்ளிக் காட்டினேன். அப்புறம் ஆயாவே கட்டைவிரலால் பீய்ச்சினார். எனக்கு அந்த நிதானம் வராது. ஒரு ஸ்பூனில் விழுந்த பாலைக் குழந்தைக்குக் கொடுத்தோம். அரைமணியில் குழந்தை கவ்விக்கொண்டது. ஆயாவே அந்த டம்ளரை எடுத்துப்போய்க் கவிழ்த்தார்.

அந்தச் சர்க்கரைத் தண்ணீர் டம்ளர் எங்குமே சின்ன விஷயம் இல்லை, அதிலும் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில். 1999-ல் அன்னா கூட்சூடிஸ், ஹூசேன் கூவாடியா குழு இதே டர்பனில் செய்த ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எச்.ஐ.வி. உள்ள தாய்மாரின் குழந்தைகளில், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களில் மூன்றாம் மாதத்துக்குள் 14.6 சதவீதம் பேருக்குத் தொற்று. பாலோடு தண்ணீரோ வேறு எதுவோ சேர்த்துக் கொடுத்தவர்களில் 24.1 சதவீதம். இன்றைக்கு நல்ல மருந்து இருக்கிறது, அன்று இல்லை. ஆனாலும் கலந்து கொடுக்காதே என்ற பாடத்தை உலகம் படித்தது நம் ஊர்த் தாய்மாரிடம் இருந்து. நாம் நள்ளிரவில் உட்கார்ந்து அமெரிக்கப் பாடம் கேட்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தை தவறிப்போன ஒரு தாய். பால் நிற்கவில்லை. அந்த வீட்டு ஆயா தோட்டத்து மல்லிகையைத் தொடுத்து அவள் மார்பில் வைத்துக் கட்டியிருந்தார். திருநெல்வேலியில் பிறந்த எனக்கே அதற்கு மருத்துவ விளக்கம் ஏதும் தெரியாது. பிறகு தேடிப் பார்த்தால், பால் வற்ற மல்லிகை உதவுகிறதா என்று புரோமோகிரிப்டின் மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வே வேலூரில் இருந்து 1988-ல் வந்திருக்கிறது. அன்றைக்கு அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், தயவுசெய்து.

ஆக நான் கேட்பது இதுதான். வருஷத்துக்கு ஒரு முழுநாள் வகுப்பை நம் வீடுகளைப் பற்றியே வையுங்கள். ஹோட்டல் வேண்டாம், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு கோயில் மண்டபம் போதும். ஓர் ஆயாவையும், ஒரு கோகோவையும் (சூலு மொழியில் பாட்டி) பேச்சாளராக உட்கார வையுங்கள். அவர்கள் சொல்வதில் எது சரி, எது ஆபத்து, எதை எப்படி மாற்றச் சொல்வது என்று நாம் அவர்கள் முன்னாலேயே பேசுவோம். புள்ளிக்கு விண்ணப்பிப்பதும் கட்டணமும் தொல்லை என்பீர்கள். தாளை நான் நிரப்பித் தருகிறேன். கட்டணத்துக்கு ஆளுக்கு இருநூறு ரேண்ட் போடுவோம். இதுவரை கேட்ட பதினொரு பேரில் ஒன்பது பேர் சரி என்றுவிட்டார்கள். பால் பவுடர் நிறுவனத்தின் காசு மட்டும், எந்த உருவத்தில் வந்தாலும், வேண்டாம். குழந்தை உணவு விளம்பரத்தைத் தடுக்கும் விதிமுறை 2012 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. 2016-ல் உலக சுகாதார சபை வரவேற்ற வழிகாட்டுதலும், அந்த நிறுவனங்கள் மருத்துவப் பணியாளர் கூட்டங்களுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது.

சாட்ஸ்வர்த் ஆயாவிடம் கேட்டுவிட்டேன், வருகிறார். முழங்கால் வலி, அதனால் மாடிப்படி இல்லாத இடமாகப் பாருங்கள். நான் காரில் அழைத்து வருகிறேன். புரட்டாசி மாதம் மட்டும் தேதி வைக்காதீர்கள். அந்த மாதம் முழுக்க அவருக்கு விரதம், சனிக்கிழமை கோயிலை விட்டு நகர மாட்டார்.

அன்புடன்,
உங்கள் வகுப்புகளில் முன்வரிசையில் உட்காரும் ஒரு பாலூட்டல் ஆலோசகர்