லேண்ட்லைனை மாற்றும் முன் ஃபேக்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில், காணாமல் போன பொருட்கள் வரிசையில் பேஜர், எஸ்.டி.டி. பூத் இவற்றோடு ஃபேக்ஸையும் சேர்த்து இரங்கல் எழுதிவிட்டீர்கள். மற்றவற்றைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எங்கள் அலுவலகத்தில் நாங்கள் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே ஒசாகாவிலிருந்து ஃபேக்ஸ் வந்து காத்திருக்கிறது. அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னதாகவே பொழுது விடிந்துவிடுகிறதே.

தம்புச் செட்டித் தெருவில், சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் (சுங்கத் தரகர்) அலுவலகத்தில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்ப்பவள் நான். சுங்கத் துறையோடு எங்களுக்கு இப்போது காகித வேலை மிகக் குறைவு. இறக்குமதிச் சரக்குக்குக் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரி என்ற படிவம், சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளம் வழியாகப் போகிறது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அதிலேயே இ-சஞ்சித் என்ற வசதியில் ஏற்றுகிறோம். அந்தப் பக்கம் ஃபேக்ஸுக்கு வேலையே இல்லை. வேலை இருப்பது சரக்கு அனுப்புகிறவர்களிடம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் அனுப்பும் சின்னச் சின்ன ஜப்பானியக் கம்பெனிகள், இன்வாய்ஸில் ஒரு திருத்தம் என்றால் முத்திரை குத்தி ஃபேக்ஸில்தான் அனுப்புவார்கள். மெயிலில் அனுப்புங்களேன் என்று கேட்டால் பணிவாகச் சரி என்பார்கள். மறுநாளும் ஃபேக்ஸ்தான் வரும்.

முன்பு தெர்மல் ரோல் போடும் மெஷின் வைத்திருந்தோம். அந்தக் காகிதத்தில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான் எழுத்து. ஃபைலில் வைத்துவிட்டு அடுத்த வருஷம் எடுத்தால் வெறும் மஞ்சள் தாள் இருக்கும். சுங்கத் தரகர்களுக்கான 2018ஆம் ஆண்டு விதிமுறைகளோ, பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டு பாதுகாக்கச் சொல்கின்றன. அதனால் வந்த ஒவ்வொரு ஃபேக்ஸையும் உடனே ஜெராக்ஸ் எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து வைப்பது ஒரு தனி உத்தியோகமாகவே இருந்தது.

அதற்கு மாற்று ஏற்பாடு செய்து கொடுத்தவர், எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. ரிச்சி தெருவில், பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட சின்ன டெஸ்க்டாப்புகளை அடுக்கி வைத்து விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். படுக்கவைத்தால் பழைய டெலிபோன் டைரக்டரி கனம்தான் இருக்கும். நான் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பி பெட்டியைத் திருப்பி, பின்னால் ஒன்பது ஊசி சீரியல் போர்ட் இருக்கிறதா என்று பார்த்தார். கம்ப்யூட்டரைத் தொலைபேசி லைனோடு இணைக்கும் ஃபேக்ஸ் மோடத்தை அதில்தான் மாட்ட வேண்டும். உள்ளே சொருகும் மலிவான மோடம் கார்டு இன்னும் குறைந்த விலைக்குக் கிடைக்குமே என்றேன். “வேண்டாம்க்கா. அதுல பாதி வேலையை விண்டோஸ் டிரைவர்தான் செய்யுது. லினக்ஸ்ல போட்டா ஊமையாயிடும்” என்றார். வரிசையாக விளக்கு எரியும், தனியாக வெளியே வைக்கும் மோடம்தான் வாங்கினோம். எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்பது அந்த விளக்குகளைப் பார்த்தே தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் தெரியாத எனக்கு அது பெரிய சௌகரியம்.

பெட்டியில் விண்டோஸுக்குப் பதில் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம், அதன் மேல் ஃபேக்ஸ் வாங்கவும் அனுப்பவும் ஹைலாஃபேக்ஸ் என்ற மென்பொருள். இரண்டுக்கும் காசு கிடையாது. ஹைலாஃபேக்ஸை முதலில் எழுதியவர் சாம் லெஃப்லர். வரும் பக்கங்கள் டிஃப் என்ற வகைக் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. அவற்றைக் கையாளும் லிப்டிஃப் என்ற நிரல் தொகுப்பும் அவர் எழுதியதுதானாம். ஃபேக்ஸ் வந்ததும் பெட்டி அதை பிடிஎஃப் ஆக்கி எங்கள் மூன்று பேர் மெயிலுக்கும் அனுப்பிவிடுகிறது. வேண்டியதை மட்டும் பிரிண்ட் எடுக்கிறோம். டூர் பேக்கேஜ் விளம்பரங்களுக்கு இனி ரோல் வீணாவதில்லை. நாங்கள் அனுப்பும்போது எதிர்முனை எங்கேஜ்டாக இருந்தால், கொஞ்ச நேரம் விட்டு அதுவே மறுபடி கூப்பிடும். எந்த எண்ணுக்கு எத்தனை மணிக்கு எத்தனை பக்கம் போனது என்பதும் பதிவாகிவிடும். “அனுப்பினீங்களா, இல்லையா?” என்ற சண்டை அதோடு ஒழிந்தது.

இதையே செய்ய நினைக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, கம்ப்யூட்டரின் ஆரம்ப அமைப்புகள் இருக்கும் பயாஸில், மின்சாரம் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி வைத்துவிடுங்கள். எங்கள் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போனால் திங்கள் காலைவரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. யுபிஎஸ் அதுவரை தாங்குமா? அப்புறம், முத்திரையில் உள்ள பொடி எழுத்து தெரிய வேண்டும் என்றால் அனுப்புகிறவரை ‘ஃபைன்’ என்ற தெளிவில் வைக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக மில்லிமீட்டருக்கு 3.85 வரிகள்தான் ஸ்கேன் ஆகும், ஃபைனில் 7.7 வரிகள். ஜப்பானிய எழுத்துக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

இத்தனை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, தொலைபேசி நிறுவனம் செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டுக் கொடுத்த நாள்வரை. அன்றிலிருந்து ஒரு பக்கம் ஒழுங்காக வரும், இரண்டாவது பக்கத்தின் நடுவில் அறுந்துவிடும்.

ஃபேக்ஸ் வரும்போது காதை வைத்துக் கேட்டிருப்பவர்களுக்கு இது புரியும். கூப்பிடுகிற முனை 1100 ஹெர்ட்ஸில் விட்டு விட்டு ஒரு பீப் கொடுக்கும். எடுக்கிற முனை 2100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு விசில் அடிக்கும். பிறகு இரண்டும் மெதுவான வேகத்தில், நீ யார், உன்னால் எவ்வளவு வேகம் முடியும் என்று விசாரித்துக்கொள்ளும். அப்புறம்தான் அந்தக் கரகர சத்தம். அந்தச் சத்தம்தான் பக்கம். மனிதக் குரலில் நடுவே ஒரு துளி விழுந்தாலும் நமக்குப் பேச்சு புரிந்துவிடும். ஃபேக்ஸுக்கு அப்படி இல்லை. ஃபைபரில் குரல் துண்டு துண்டாகப் பொட்டலம் கட்டிப் போகிறது. பேச்சுக்காகவே சுருக்கும் ஜி.729 போன்ற முறையில் போனால் ஃபேக்ஸ் சத்தம் சிதைந்துவிடும். ஜி.711இல் சுருக்காமல் போனாலும் ஒரு பொட்டலம் தொலைந்தால் பக்கம் கெடலாம். இதற்காகவே டி.38 என்று ஒரு முறை 1998லேயே வந்துவிட்டது. அதில் சத்தத்தைச் சத்தமாக அனுப்பாமல், ஃபேக்ஸ் தகவலாகவே எடுத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்.

இதெல்லாம் தம்பி சொல்லி எனக்குத் தெரிந்தது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியவருக்குத் தெரியவில்லை. “மேடம், டயல் டோன் வருதா? பேச முடியுதா? அப்போ லைன் நல்லா இருக்கு” என்று புகாரை முடித்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் வேறொருவர் எடுத்து, ஃபேக்ஸா, அது இன்னும் இருக்கா என்று ஆச்சரியப்பட்டார். உங்கள் இணைப்பைப் படித்திருப்பார் போலிருக்கிறது. கடைசியில் லைன் போட வந்த ஊழியரே இரக்கப்பட்டு, மேலே யாரிடமோ பேசி எங்கள் எண்ணுக்கு டி.38ஐத் திறந்துவிட்டார். தம்பி இந்தப் பக்கம் மோடத்தின் வேகத்தை விநாடிக்கு 14,400 பிட்டிலிருந்து 9,600 பிட்டாகக் குறைத்து வைத்தார். பக்கத்துக்குச் சில விநாடி கூடுதலாகிறது, அவ்வளவுதான். இப்போது முழுசாக வருகிறது.

தெரிந்த ஆள் இருந்ததால் எங்களுக்கு நடந்தது. இதே தெருவிலும் லிங்கி செட்டித் தெருவிலும் எத்தனையோ அலுவலகங்களின் பெயர்ப் பலகையில் ஃபேக்ஸ் எண் இருக்கிறது. அந்த எண் செத்துப் போனது அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அனுப்பியவர், போய்ச் சேரவில்லை என்று போன் பண்ணிச் சொன்னால்தான் உண்டு. தந்தி சேவையை 2013 ஜூலை 15இல் நிறுத்தியபோது முன்கூட்டியே அறிவித்தார்கள். கடைசி நாளில் ஜனங்கள் வரிசையில் நின்று தந்தி கொடுத்தார்கள். ஃபேக்ஸுக்கு அந்த மரியாதைகூட இல்லை.

2018 நவம்பர் 21 அன்று ஜம்மு காஷ்மீரில் நடந்தது நினைவிருக்கும். ஆட்சி அமைக்க உரிமை கோரும் கடிதத்தை ஆளுநர் மாளிகைக்கு ஃபேக்ஸில் அனுப்ப முடியவில்லை என்று மெகபூபா முஃப்தி ட்விட்டரில் எழுதினார். அன்று இரவே சட்டப்பேரவை கலைக்கப்பட்டது. மிலாது நபி விடுமுறை, ஃபேக்ஸ் பார்க்க ஆள் இல்லை என்று பிறகு ஆளுநர் சொன்னார். அதில் உள்ள அரசியலுக்கு நான் வரவில்லை. ஆள் இல்லாவிட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ள, கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டர் போதும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஃபைபர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் கேபிளில் தண்ணீர் இறங்கி லைன் கொரகொரவென்று கிடந்த தொல்லை இப்போது இல்லை. தொலைபேசி நிறுவனங்களை நான் கேட்பது ஒன்றுதான். கம்பியை மாற்ற வருவதற்கு முன் வாடிக்கையாளரிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குகிறீர்கள். அதில், இந்த லைனில் ஃபேக்ஸ், லிஃப்ட் போன், திருட்டு அலாரம் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஃபேக்ஸ் என்று எழுதினால் அன்றைக்கே டி.38ஐத் திறந்து, இரண்டு பக்கம் அனுப்பிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் அனுப்பிப் பார்த்தால் போதாது.

ஒரு வாசகி,
சென்னை - 1