காருடன் வரும் கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது கேட்டர்ஹாம் காரும் உன் வீட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்திருக்கும். டிரெய்லரில் ஏற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டேன். நீ அதை உடனே மாட்ட வேண்டாம். நான்கு ஆண்டுகளாக ஓடாமல் நின்ற வண்டி அது. எஞ்சின் அதிகம் அடம்பிடிக்காமல் உயிர்பெற்றுவிடும் என்றுதான் நினைக்கிறேன். எனக்குக் கவலை பிரேக்கைப் பற்றியது. அதைப் பிரித்துப் பார்க்கும் வரையில், வண்டி தன் சொந்த பலத்தில் ஓர் அடிகூட நகரக் கூடாது.

ஒலி உள்ளே வராமல் தடுக்கும் தடித்த விரிப்பு, மெத்தை வைத்த இருக்கைகள், பாட்டுக் கேட்கும் பெட்டி, பெரிய பேட்டரி ஆகியவற்றைப் பொருத்தலாமா என்று போன முறை தொலைபேசியில் கேட்டாய். அப்போது உடனே பதில் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் கோபமன்று; யோசித்துச் சொல்ல விரும்பினேன். நீ சொன்னவற்றை எல்லாம் கூட்டிப் பார்த்தால் 60 கிலோ வரும். வண்டியின் மொத்த எடையே ஏறத்தாழ 550 கிலோதான் என்பதால், பத்தில் ஒரு பங்குக்கும் அதிகமான சுமையை அதன் முதுகில் ஏற்றுவதாக ஆகிவிடும். 1957இல் லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் இந்த வடிவத்தை வெளியிட்டபோது எஞ்சினின் பலத்தைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பதையே வழியாகக் கொண்டார். 1973இல் அதைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போன பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. பிரேக் சிறியது, டயர் சிறியது, ஸ்பிரிங் மெல்லியது; எல்லாம் அந்த 550 கிலோவைக் கணக்கில் வைத்தே தேர்ந்தெடுக்கப்பட்டவை. எடையைக் கூட்டினால் வேகம் குறைவதோடு நின்றுவிடாது. ஒவ்வொரு பாகமும் தனக்கு விதிக்கப்பட்டதைவிட அதிகம் சுமக்கும். வண்டி இனி உன்னுடையது, முடிவும் உன்னுடையதே. ஆனாலும் ஓர் ஆண்டு இப்படியே ஓட்டிப் பார்த்துவிட்டு அதன் பிறகு முடிவு செய் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். உள்ளே இருப்பது மெல்லிய எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துக் கட்டிய கூடு. அதன் மேல் அலுமினியத் தகடுகள் ரிவெட் அடிக்கப்பட்டிருக்கின்றன. மூக்கும் மட்கார்டுகளும் ஃபைபர் கிளாஸ். எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் தங்கினால் இரண்டுக்கும் இடையே ஒரு சிறு மின்கலம் உருவானது போலாகி, அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாக உதிரும். ரிவெட் வரிசையை ஒட்டிப் பெயின்ட் கொப்புளம் போல் எழும்பியிருந்தால் அதன் அடியில் நடப்பது அதுதான். நான் வாங்கியபோது காலடித் தகட்டின் ஓரம் முழுவதும் அப்படி இருந்தது. ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்து, தகட்டைக் கழற்றி, குழாய்களைத் தேய்த்துத் துருநீக்கிப் பெயின்ட் அடித்து, இரு உலோகங்களும் நேரடியாகத் தொடாதபடி நடுவே மெல்லிய சீலன்ட் தடவி மறுபடியும் பூட்டுவதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. வேலை நீண்டதே தவிர, கடினமானதன்று. கீழ்க் குழாய்களை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் இலேசாகத் தட்டிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதே. துரு உள்ளிருந்து தின்ற இடத்தில் கணீரென்ற ஓசை மங்கிவிடும்; நான்கைந்து முறை தட்டிப் பழகினால் உன் காதே சொல்லிவிடும்.

விளக்கு மங்கலாக எரிந்தால் பல்பை மாற்றுவதற்கு முன் எர்த் ஒயரைப் பார். ஃபைபர் கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மட்கார்டில் உள்ள ஒவ்வொரு விளக்குக்கும் சேசிஸ், அதாவது அந்த எஃகுக் கூடு வரை தனியாக ஒரு எர்த் ஒயர் போகிறது. அதன் முனை துருப்பிடிப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இனி எழுதப்போவதை இத்தனை ஆண்டுகளாக உன்னிடம் மறைத்து வைத்திருந்தேன். உனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாம் இருவரும் வீடு திரும்பி வாசல் கதவுக்குள் திரும்பும்போது முன் இடது சக்கரம் கோணலாக மடிந்து, வண்டியின் மூக்கு தரையில் இடித்து நின்றது நினைவிருக்கும். பள்ளத்தில் இறங்கியதால் உடைந்துவிட்டது என்று உனக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். அது உண்மையன்று. தவறு முழுவதும் என்னுடையது.

முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் செங்குத்துத் தண்டு, அப்ரைட், டிரயம்ஃப் ஹெரால்டு என்ற காரின் வழியில் வந்த பாகம். அதன் கீழ்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். ட்ரன்னியன் எனப்படும் வெண்கலத் துண்டுக்குள் அது திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை வெண்கலத்துக்குள் சுழல்கிறது. அந்த இடத்துக்கு 90 கிரேடு கியர் ஆயில் இட வேண்டும் என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தது. எண்ணெய் இடும் வாய் பார்ப்பதற்குக் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் போலவே இருந்ததால், கையில் இருந்த கிரீஸ் துப்பாக்கியை வைத்து மூன்று ஆண்டுகள் கிரீஸையே அடித்துவந்தேன். எண்ணெய் மரை வழியாக அடிவரை ஊர்ந்து இறங்கும். கிரீஸ் பாதியிலேயே நின்று கட்டிப்போய்விடும். அடியில் தேங்கிய நீர் எஃகை அரித்து அரித்து ஒருநாள் முறித்துவிட்டது. அதற்குக் கால் மணி நேரம் முன்னர்தான் நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், நீ என் பக்கத்தில் உட்கார்ந்து காற்றில் கையை நீட்டிக்கொண்டு வந்தாய். அன்றிரவு உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் பழைய துரு. மீதிப் பகுதி மட்டுமே புதிதாக மின்னியது. எத்தனை நாளாக அந்த மீதிதான் உன்னைச் சுமந்திருக்கிறது என்று எண்ணியபோது எழுந்து உள்ளே வர முடியவில்லை.

அந்தத் துண்டைத் தூக்கி எறியவில்லை. கருவிப்பெட்டியின் மேல்தட்டில் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்; எடுத்துப் பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ட்ரன்னியனில் அந்தக் கியர் ஆயிலை, மேலே உள்ள சீல் வழியாகக் கசியும் வரை ஏற்று. எப்போதாவது கழற்ற நேர்ந்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் எதிரெதிர் மரை என்பதை மறந்து மாற்றிப் பூட்டிவிடாதே.

நீல அட்டை போட்ட நோட்டு அந்த மாலைக்குப் பிறகு தொடங்கியது. செய்த வேலை, தேதி, எந்த போல்ட்டை எவ்வளவு டார்க்கில், அதாவது எவ்வளவு முறுக்கு விசையில் இறுக்கினேன் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். ஒன்றை மட்டும் இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் கைதேர்ந்தவர்களும் அதில் தவறுகிறார்கள். சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் உறை, அதாவது புஷ் வழியாகப் போகும் போல்ட்டுகளை வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது இறுக்காதே. அப்படி இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழிந்துவிடும். சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டியின் எடை முழுவதும் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே என்பதை உனக்குச் சொல்லத் தேவையில்லை என்று தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

டயரில் தரையைத் தொடும் பூ வரிகள் இன்னும் புதிது போலத்தான் இருக்கும். இவ்வளவு இலேசான வண்டியில் அது தேய்வதற்கு முன் ரப்பர் கெட்டியாகிவிடுகிறது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அதைப் படித்துப் பார்த்துப் புதிது வாங்கிவிடு. காற்று 18 முதல் 20 பிஎஸ்ஐ போதும். மற்ற கார்களைப் போல 30 அடித்தால் ரோட்டைப் பிடிக்காமல் துள்ளும்.

பிரேக்குக்கு வருகிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்கும்; ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து பெடல் வெறுமனே தரைவரை போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய எண்ணெய் நான்கு ஆண்டாக உள்ளே கிடக்கிறது. ரப்பர் குழாய்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உள்ளே வீங்கியிருந்தால் மேலே தடவிப் பார்த்து அறிய முடியாது. புதுக் குழாய்களைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பழைய எண்ணெயை வடிக்கும்போது பெயின்ட்டில் ஒரு துளிகூடப் படாமல் துணி விரித்துக்கொள்.

குழாய்களை மாட்டி முடித்ததும் நிறுத்திவிட்டு எனக்கு எழுது. பிரேக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நீ பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களில் இருக்கையில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்லப் பெடலை மிதித்தாய் அல்லவா, இந்த முறை அந்த இருக்கையில் நான் உட்காருகிறேன். நீ ஸ்பேனரோடு கீழே போ. பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள பின்சக்கரத்திலிருந்து தொடங்குவோம்.

அன்புடன்,
அப்பா