மடப்பள்ளிச் சுடுதண்ணீர்த் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள நம் எஸ்டேட் கோயில் மடப்பள்ளியில் இப்போது குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வருகிறது, கேஸ் செலவில்லாமல், வெயில் சூட்டிலேயே. இந்த வேலையைக் கேட்டு வாங்கியவர்கள் பாத்திரம் கழுவும் அக்காமார்கள். வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு, பிசுக்கு ஏறிய அண்டாக்களைப் பச்சைத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்து அவர்கள் கை வெடித்திருந்ததை நாங்கள் இத்தனை வருடம் கவனிக்காமல் விட்டது தவறு.

பலர் இதை சோலார் கரண்ட் என்று நினைக்கிறீர்கள். அது வேறு. இங்கே கண்ணாடிக்கு அடியில் கறுப்புப் பூச்சுள்ள தகடு, அதோடு ஒட்டிய செப்புக் குழாய்கள், அவ்வளவுதான். மின் தகடு தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும், இது ஏறக்குறைய பாதியைச் சூடாகப் பிடித்துக்கொள்ளும்.

கறுப்புச் சாயம் அடித்த தோங் (பீப்பாய்) ஒன்றைக் கூரையில் வைத்தால் போதாதா என்று பொதுக்கூட்டத்தில் ஓர் ஐயா கேட்டார். சரியான கேள்விதான். 1891-ல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் கெம்ப் காப்புரிமை வாங்கியதும் கிட்டத்தட்ட அதையே: கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்புத் தொட்டிகள். ஆனால் பொழுது சாய்ந்தால் தண்ணீர் ஆறிவிடும். 1909-ல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி வெயில் வாங்கும் தட்டைத் தனியாகவும் தொட்டியைத் தனியாகவும் பிரித்து, தொட்டியிலிருந்து சூடு வெளியே போகாதபடி அதற்குப் போர்வை சுற்றினார். நமக்கு வேண்டியது ராத்திரிச் சூடு, அதுவும் மாலையானால் இடியும் மழையுமாகக் கொட்டும் ஊரில். அதனால் பெய்லி வழிக்கே போனோம். காலை வெயிலைத் தவறவிடக் கூடாது என்று கிழக்குப் பார்த்த கூரையில் வைத்தோம், நாம் நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகைக்குள் இருப்பதால் திசையால் பெரிய நஷ்டமில்லை.

நம் நாட்டில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு விழும் வெயில் சராசரியாக 4 முதல் 5 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே கிலோவாட்-மணி). நம் தட்டுகள் 4 சதுர மீட்டர், ஆக 18 யூனிட், பாதி போக 9. அது 300 லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய 26 பாகை செல்சியஸ் ஏற்றும், 27 பாகையில் உள்ளே போவது 53 ஆகும். பிசுக்கு கரைய இது தாராளம்.

ஆனால் பொருத்திய முதல் வாரம் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வந்தது, அக்காமார்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொருத்தியவர்கள் மேகத்தைக் காரணம் சொன்னார்கள். ஒரு நல்ல வெயில் மத்தியானம் நாங்களே ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், தட்டு கொதிக்கிறது, தொட்டி குளிர்ந்து கிடக்கிறது. இதில் பம்ப் கிடையாது, சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், அந்தச் சுற்றுதான் எல்லாம். தொட்டிக்குப் போகும் குழாய் ஓர் உத்திரத்தைத் தாண்ட மேலே வளைந்து மறுபடி கீழே இறங்கியிருந்தது, அந்தக் கூனலில் காற்று அடைத்துச் சுற்று நின்றுவிட்டது. அப்புறம் ஒரு ஞாயிறு கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யும் வேலை) போட்டு, குழாயை வளைவில்லாமல் ஏறுமுகமாக மாற்றி, தொட்டியின் அடியைத் தட்டின் மேல் விளிம்புக்கு ஓர் அடி உயரத்தில் தூக்கி வைத்தோம். மறுநாள் ராத்திரி பத்து மணிக்குத் தொட்டியில் 51 பாகை.

வசூல் 9,200 ரிங்கிட், செலவு 8,740, மீதம் 460. ரசீதுகள் கோயில் அலுவலகத்தில் உள்ளன.

மழை வாரங்களுக்கு மின்சார ஹீட்டர் உள்ளேயே இருக்கிறது. மழை இல்லாவிட்டாலும் வாரம் ஒரு தடவை அதைப் போட்டு 60 பாகைக்கு மேல் ஏற்றி, சிறிது நேரம் அப்படியே வைக்க வேண்டும், வெதுவெதுப்பான தொட்டியில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். வியாழக்கிழமை என்று வைத்திருக்கிறோம், சுவிட்ச் பெட்டிச் சாவி செயலாளரிடம். சிவப்பு வளையம் போட்ட குழாய்ப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.