பாதி எம்.பி.ஏ.யில் கல்லூரி மாறலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்குப் போய்க்கொண்டே எம்.பி.ஏ. படிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த நுழைவுத் தேர்வு எழுதலாம், கட்டணம் எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் விவரமாகவே இருந்தது. ஆனால் பெங்களூரில் என்னைப் போன்றவர்கள் மாட்டிக்கொண்டு முழிக்கிற கேள்வி ஒன்று அதில் வரவே இல்லை. ஒரு கல்லூரியில் சேர்ந்து பாதி தூரம் வந்த பிறகு, அதைவிடப் பெயர் பெற்ற இன்னொரு இடத்தில் சீட் கிடைத்தால் மாறுவதா, இருக்கிற இடத்திலேயே முடிப்பதா?

நான் பொம்மசந்திராவில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். வார இறுதி வகுப்பில் எம்.பி.ஏ. படிக்கிறேன், முதல் வருடம் முடிந்துவிட்டது. இந்த வருடம் வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்தது, பெயரைச் சொன்னாலே எங்கள் அலுவலகத்தில் ஒரு மரியாதை வந்துவிடும். அண்ணன், அலுவலகத் தோழிகள், மேலாளர் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "இதுல யோசிக்க என்ன இருக்கு, மாறிடு." நான் யோசித்தேன். மாறவில்லை. ஏன் என்று சொன்னால் இதே குழப்பத்தில் இருக்கிற வேறு யாருக்காவது உதவும் என்றுதான் இந்தக் கடிதம்.

புதிய கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் நான் கேட்ட முதல் கேள்வி, முடித்த பாடங்களை ஏற்றுக்கொள்வீர்களா என்பது. மாட்டார்களாம். கணக்கியல், புள்ளியியல், சந்தையியல், நிறுவன நடத்தை எல்லாவற்றையும் மறுபடி முதல் பருவத்திலிருந்து படிக்க வேண்டும், கட்டணமும் முழுசாகக் கட்ட வேண்டும். இத்தனைக்கும் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021-லேயே கிரெடிட் வங்கி விதிகளைக் கொண்டுவந்துவிட்டது. கிரெடிட் என்பது முடித்த ஒவ்வொரு பாடத்துக்கும் நம் கணக்கில் சேர்கிற மதிப்பு அலகு. ஒரு இடத்தில் வாங்கிய கிரெடிட்டுகளை நம் பெயரில் சேர்த்து வைக்கலாம், அதிகபட்சம் ஏழு வருடம் செல்லும், பட்டம் தருகிற கல்லூரியில் குறைந்தது பாதி கிரெடிட் எடுத்திருந்தால் போதும் என்பதுதான் அதன் சாரம். காகிதத்தில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சேரப்போகிற கல்லூரி ஏற்றுக்கொண்டால்தானே அந்தக் கிரெடிட்டுக்கு மதிப்பு? வேலை, குடும்பம் என்று எல்லாவற்றுக்கும் நடுவே படிக்கிறவருக்குத்தான் இந்த வசதி மற்ற எல்லோரையும்விட அதிகம் தேவை, அவருக்கே அது எட்டாமல் இருக்கிறது.

இழக்கிற அந்த ஒரு வருடம் என்னுடையது மட்டும் இல்லை, இதை மாறச் சொன்ன ஒருவர்கூட கணக்கில் எடுக்கவில்லை. சனிக்கிழமை காலை நான் கிளம்பினால் என் பையனைப் பார்த்துக்கொள்வது மாமியார். அவருக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏறி இறங்க முடியாது, ஆனாலும் அவன் பின்னால் ஓடுகிறார். தேர்வு நேரத்தில் சமையல், துணி, கடை எல்லாம் கணவர் தலையில் விழுகிறது. சேரும்போது இவர்களிடம் நான் கேட்டது இரண்டு வருடம். இப்போது போய், பெயர் நன்றாக இருக்கிறது, அதனால் மூன்று வருடமாக்கிக்கொள்ளலாமா என்று கேட்க எனக்கு மனது வரவில்லை. கேட்டால் சரி என்றுதான் சொல்வார்கள், அது எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

அடுத்தது கூடப் படிக்கிறவர்கள். முழுநேர எம்.பி.ஏ.வில் வகுப்பில் இருப்பவர்களில் நிறையப் பேர் வேலை தேடப் போகிறவர்கள். எங்கள் வகுப்பில் எல்லோரும் வேலையில் இருப்பவர்கள், பாதிப் பாடம் அவர்களிடமிருந்துதான் வருகிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவைப்படுகிற பணம் பற்றிய வகுப்பு. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், கொடுக்கிற வரைக்கும் அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் சேர்த்தார்களே, அதைப் பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். பின் பெஞ்சில் ஒருவர் எழுந்தார். ஓசூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருப்பவர். "சார், விதி வந்தப்புறம் எனக்கு ஆர்டர் கொடுத்துக்கிட்டிருந்த ரெண்டு கம்பெனி, நடுத்தர நிறுவனமா பதிவு பண்ணின சப்ளையர்கிட்ட போயிட்டாங்க" என்றார். நடுத்தர நிறுவனங்களுக்கு அந்த விதி பொருந்தாது. வகுப்பே அமைதியாகிவிட்டது. கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து அவரைப் போன்றவர்களின் பில்லைத் தள்ளிப்போடுகிற பக்கத்தில் இருப்பவள் நான். அன்றைக்குப் புரிந்த மாதிரி அந்த விஷயம் எந்தப் புத்தகத்திலும் புரிந்திருக்காது. இப்போது எங்கள் குழுவில் அவரும் ஒருவர், செலவுக் கணக்கியல் வீட்டுப்பாடத்தை நாங்கள் சேர்ந்துதான் போடுகிறோம். புதிய கல்லூரியிலும் நல்ல மனிதர்கள் இருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் தன் தொழில் நஷ்டத்தை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்கிற அளவுக்குப் பழக்கம் வர ஒரு வருடம் ஆகிறது, அதை விட்டுவிட்டுப் போவதற்கு நிஜமாகவே பெரிய காரணம் வேண்டும்.

அப்படிப்பட்ட காரணங்கள் இருக்கின்றன. படிக்கிற படிப்புக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அல்லது மானியக் குழுவின் அங்கீகாரம் இல்லை என்று தெரிந்தால் அன்றைக்கே வெளியே வந்துவிட வேண்டும், போட்ட பணத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. நிதித்துறைக்குப் போக நினைப்பவருக்குக் கல்லூரியில் அந்தச் சிறப்புப் பாடமே இல்லை, அல்லது ஆசிரியர்கள் மாறி மாறிப் பாதி வகுப்பு நடக்கவில்லை, அல்லது வேலை சென்னைக்கோ புனேவுக்கோ மாறிவிட்டது, அப்போதும் மாறுவதுதான் சரி. பட்டமா, பட்டயமா என்பதும் சிலருக்கு முக்கியம். ஐஐஎம்களே 2017-ஆம் வருடச் சட்டம் வந்த பிறகுதான் எம்.பி.ஏ. பட்டம் தர ஆரம்பித்தன, அதுவரை பட்டயம்தான். பின்னால் பிஎச்.டி. செய்யும் எண்ணம் இருப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மாறுவது என்று முடிவெடுத்தவர்கள் பணத்தையும் காகிதத்தையும் முதலில் பார்க்க வேண்டும். மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் சிறு கழிவு போக முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அப்புறம் அது 90, 80, 50 சதவீதம் என்று இறங்கும், கடைசி நாள் கடந்து 30 நாளும் தாண்டிவிட்டால் ஒன்றும் கிடைக்காது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே அறிவிப்பில் இருக்கிறது, இது தெரியாமல் பலர் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார்கள். கல்விக் கடன் வாங்கியிருந்தால் பழைய கடன் என்ன ஆகும் என்று வங்கியில் கேளுங்கள். அதன் வட்டிக்குக் கிடைக்கிற வருமான வரிச்சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். கம்பெனி கட்டணம் கட்டியிருந்தால், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

தூரத்தையும் சிலர் லேசாக நினைக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் மஞ்சள் பாதை மெட்ரோ வந்த பிறகு எனக்கு சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நிற்கிற வேலை இல்லை, ரயிலில் நின்றபடியே பாடத்துக்கான ஒரு கேஸ் ஸ்டடி படித்துவிடுகிறேன். புதிய கல்லூரி இருந்தது நகரத்தின் மறுகோடியில்.

இனி நான் கேட்பது கல்லூரிகளையும் மானியக் குழுவையும். வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்களுக்கான எம்.பி.ஏ. நடத்துகிற ஒவ்வொரு கல்லூரியும், வேறு இடத்தில் முடித்த பாடங்களில் எத்தனை கிரெடிட்டை ஏற்கும், எந்தெந்தப் பாடங்களுக்கு ஏற்கும் என்பதை விண்ணப்பக் கட்டணம் வாங்குவதற்கு முன்பே சேர்க்கைக் கையேட்டில் அச்சடித்துத் தர வேண்டும். ஒன்றும் ஏற்காது என்றால் அதையும் அச்சடிக்கட்டும். கிரெடிட் வங்கியில் பதிவு செய்திருக்கும் கல்லூரிகள் குறைந்தபட்சம் முதல் வருட அடிப்படைப் பாடங்களையாவது ஒன்றுக்கொன்று ஏற்க வேண்டும் என்று மானியக் குழு உத்தரவு போட வேண்டும். பெங்களூரிலோ வேறு ஊரிலோ, முடித்த பாடங்களோடு வேறு கல்லூரிக்கு மாறிய வாசகர்கள் யாராவது இருந்தால், எப்படிச் சாதித்தீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு