ஓடைக் கண்காணிப்புக் குழு, ராமநாதபுரம் கடற்கரை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களிடமும் யாராவது இதைச் சொல்லிவிடுங்கள்.

செயற்குழு 3 முறை கூடியது. கரையில் பனை விதை ஊன்றினோம். பள்ளிப் பிள்ளைகளோடு பிளாஸ்டிக் பொறுக்கினோம்; போட்டோ எடுத்த அன்று எல்லோரும் இருந்தார்கள்.

அப்புறம், தண்ணீர் அளக்கும் வேலை. காலை 5 மணிக்கே எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகிறேன் என்று என்மேல் குறை இருக்கிறது. பகல் வெயிலில் பாசி ஆக்சிஜனை விடும். இரவு முழுக்க அதுவும் மீனும் சேர்ந்து இழுத்துக்கொள்ளும். ஆகவே விடிவதற்குச் சற்று முன்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. 10 மணிக்கு டீ குடித்துவிட்டுப் போய் அளந்தால் ஓடைக்கு எப்போதும் சுகம்தான்.

வைகையே பெரிய கண்மாயைத் தாண்டி வர யோசிக்கும் ஊர் நமது. ஐப்பசி மழை வரும்வரை ஓடையில் ஓட்டம் ஏது? ஆவணியில் முகத்துவாரத்தை மணல் மூடி, தண்ணீர் கரித்துச் சூடேறிக் கிடந்தது. முதல் நாள் 10 மணிக்கு அளந்தவர் லிட்டருக்கு 7 மில்லிகிராம் என்று எழுதி, பக்கத்தில் 'நன்று' என்றும் போட்டிருக்கிறார். 5 இருந்தாலே மீனுக்குக் கவலையில்லை. மறுநாள் விடியலில் மடவையும் ஜிலேபியும் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, ஆக்சிஜன் பார்க்கும் மருந்தை விட்டேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும். கிட்டத்தட்ட வெள்ளையாகவே நின்றது. கூடையோடு மீன் அள்ள வந்தவர்கள் நிறையப் பேர். பாட்டில் பிடிக்க நான் ஒருவன்.

மேலே யாரோ பண்ணைத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள் என்று பேச்சு. நான் எழுத்தில் கொடுக்கவில்லை. முந்தின வாரத்து விடியல் கணக்கு இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். அந்த வாரம் யார் முறை என்பது பட்டியலில் இருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம். சந்தா மாதம் 50 ரூபாய், டீ வடைக் காசு. 2 வருடமாகத் தராதவர்களின் பெயரைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார், சரி. கடைசியாக வாங்கிய மருந்து என் காசு. திருப்பிக் கேட்கவில்லை, சொல்லி வைக்கிறேன்.

இடம் தந்த பள்ளிக்கும், விளக்கு தந்த மீனவச் சகோதரர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் விடியலில்தான் அளக்க வேண்டும். என் முழங்கால் இப்போதெல்லாம் சேற்றில் இறங்க விடுவதில்லை. தையிலிருந்து 2 மாதம் மதுரையில் மகள் வீட்டில் இருப்பேன். மருந்துப் பெட்டிச் சாவி தலைவர் வீட்டுத் திண்ணை ஆணியில் தொங்கும்.

இப்படிக்கு,
செயலாளர்