ஃபேன் மாட்ட ஏறுகிறவர் எர்த்தையும் பார்க்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏழைகளின் வீடுகளில் வெக்கையைக் குறைக்கக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது, கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் கொடுப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். இரண்டும் நல்ல காரியம். வேலூர் வெயிலைப் பற்றி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முப்பது வருடமாக இந்தப் பக்கத்து ஷீட் வீடுகளில் ஏணி போட்டு ஏறி வயரிங் பார்த்து வருகிறவன் என்ற முறையில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஃபேன் மாட்டப் போகிறவர் எர்த்தை, அதாவது கசியும் கரண்டைத் தரைக்குள் இறக்கிவிடும் ஒயரை, பார்க்காமல் இறங்கி வந்துவிடுகிறார்.

போன ஐப்பசி மழையில் ஒரு அம்மா கூப்பிட்டனுப்பினார். துணி காயப்போடும் கொடிக்கம்பியைத் தொட்டால் 'சுர்'ரென்கிறதாம். போய்ப் பார்த்தேன். கம்பியின் ஒரு முனை கூரையைத் தாங்கும் இரும்புக் குழாயில் கட்டியிருந்தது. ஃபேனுக்குப் போகும் ஒயரும் அதே குழாயின் மேல்தான், நடுவில் டேப் சுற்றிய ஒட்டோடு. ஷீட்டின் ஆணி ஓட்டையில் ஒழுகிய தண்ணீர் நேராக அந்த ஒட்டில் விழுந்துகொண்டிருந்தது. எர்த் ஒயர் மீட்டர் பெட்டிக்குக் கீழே அறுந்து கிடந்தது. ஆர்.சி.சி.பி. இல்லாமலில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனை வெட்டி உயிரைக் காப்பாற்றும் கருவி அது. மழை வந்தால் ட்ரிப் ஆகிறது என்று, எனக்கு முன்னால் வந்த யாரோ அதை ஒதுக்கிவிட்டு டைரக்டாக லைன் கொடுத்திருந்தார். கூரைக்கு அடியில் வெக்கை தாங்காமல் அவர்களே கட்டிய தெர்மாகோல் அட்டை. அதற்கு நேர் கீழே கேஸ் அடுப்பு! தெர்மாகோல் தீப்பிடித்தால் உருகித் தலையில் சொட்டும், புகையோ அதைவிட மோசம்.

இந்த வீட்டுக்குப் புது ஃபேனை மட்டும் கொடுத்து என்ன பயன்? ஒழுகலை அடைக்காமல் ஆர்.சி.சி.பி. மாட்டினாலும் மறுபடி ட்ரிப் ஆகும், மறுபடி ஒருவர் வந்து கழற்றுவார். முதலில் ஆணி ஓட்டை, அப்புறம் ஒயரும் எர்த்தும், கடைசியில்தான் ஃபேனும் பூச்சும்.

பூச்சு அடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் சிமெண்ட் ஷீட் என்று சொல்லும் பழைய கூரைகளில் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ். பாசி போகக் கம்பி பிரஷால் காய்ந்தபடியே தேய்த்தால் கிளம்பும் தூசு, வருடங்கள் கழித்து நுரையீரல் புற்றுநோயாக வந்து நிற்கலாம். பிரஷையே எடுக்காமல், நன்றாக நனைத்துத் துணியால் துடைத்தால் போதும். வெறும் ஷீட்டில் கால் வைக்காமல், ஆணி வரிசையின் மேல் பலகை போட்டு நடக்க வேண்டும். உடைந்து விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். பழைய ஃபேன் 75 வாட், புதியது 30 வாட் அளவுதான். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். ஆனால் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு ஃபேன், இரண்டு பல்பு, ஒரு டி.வி. உள்ள வீட்டில் பில் ஏற்கெனவே பூஜ்யம். அந்த 40 யூனிட் மிச்சமாவது வீட்டுக்காரருக்கு அல்ல, மின்வாரியத்துக்கு மானியம் கட்டும் அரசுக்கு. தன் கைக்கு எதுவும் வராத ஃபேனுக்கு அவர் ஏன் மூவாயிரம் ரூபாய் போடுவார்? மானியம் மிச்சமாகிற அரசே அந்தப் பணத்தில் அதே வீட்டின் எர்த்தையும் ஒழுகலையும் சரிசெய்து தரட்டும். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தால் 4 லட்சம் ரூபாய் என்று சொன்ன அரசுக்கு இது பெரிய தொகை இல்லை. (வாடகை வீட்டுக் கதை வேறு. சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கும் உரிமையாளர்கள் எர்த் என்றால் காது கேட்காதவர்கள். அங்கே உத்தரவு போட்டால்தான் நடக்கும்.)

அன்றைக்கு ஆணி ஓட்டையை அடைத்து, ஒயரில் இருந்த ஒட்டை மாற்றி, எர்த் இழுத்து, ஆர்.சி.சி.பி.யைத் திரும்ப இணைத்து, கொடிக்கம்பியை முருங்கை மரத்துக்கு மாற்றிவிட்டேன். தெர்மாகோலைப் பிரித்துப் போடச் சொன்னதற்கு மட்டும் அந்த அம்மா ஒப்பவில்லை. "சித்திரையில ஒரு நாள் மத்தியானம் உள்ள உக்காந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்கண்ணே" என்றார்.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன், காட்பாடி