உமிழ்நீர்ச் சுரப்பி அறுவை: கோணும் உதட்டைப் பற்றி முன்பே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபத்துக்கு அருகே வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் நான். சென்ற ஆண்டு என் மனைவிக்கு இடப்பக்கத் தாடைக்கு அடியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியை அறுவை செய்து அகற்றினார்கள். அறுவை நன்றாகவே நடந்தது. செய்த மருத்துவரின் கைத்திறனில் எனக்குக் குறை ஏதுமில்லை. அதற்கு முன்பு எங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய சில செய்திகள் சொல்லப்படாமல் போனதால் நாங்கள் பட்ட பாட்டை இப்பகுதியில் வேறொரு குடும்பமும் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளாக, புளி கரைத்த மீன் குழம்பில் சோறு பிசைந்து நாலு வாய் வைத்ததும் அவளுக்குத் தாடைக்கடியில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கும்; ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். பொன்னுக்கு வீங்கி என்று சொல்லி என் மாமியார் தம் சங்கிலியைக் கழற்றி மகள் கழுத்தில் போட்டார், வீக்கம் வடிந்தது. அடுத்த முறை மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினோம், அப்போதும் வடிந்தது. ஒன்றுமே செய்யாத நாளிலும் அது வடியத்தான் செய்தது என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. தானாக வடிகிற வீக்கம் கைக்குக் கிடைத்த வைத்தியத்துக்கெல்லாம் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிடுகிறது. பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் காய்ச்சலோடு வந்து ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். பொதுவாக மறுபடி வருவதில்லை. சாப்பாட்டு நேரம் பார்த்து வந்து போகும் வீக்கமோ, பெரும்பாலும் சுரப்பியின் குழாயில் கல் அடைத்திருப்பதன் அடையாளம்.

பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணை: காதுக்கு முன்னே ஒன்று, தாடைக்கடியில் ஒன்று, நாக்குக்கடியில் ஒன்று என இரு பக்கமும் இருக்கின்றன. இவற்றில் உண்டாகும் கற்களில் பத்துக்கு எட்டு தாடைக்கடிச் சுரப்பியில்தான் வருகின்றன. அதன் எச்சில் சற்றுக் கெட்டியானது, குழாயும் மேல்நோக்கி ஏறி நாக்கின் அடியில் திறப்பது. தேங்கிய எச்சிலில் சுண்ணாம்புச் சத்து படிந்து கல்லாகிறது. எல்லாக் கல்லுக்கும் கழுத்தைக் கீற வேண்டியதில்லை. வாய்ப்பக்கம் இருக்கும் கல்லை நாக்குக்கடியிலேயே சிறிதாகக் கீறி எடுத்துவிடலாம். மெல்லிய எண்டோஸ்கோப்பைக் குழாய்க்குள் விட்டுக் கல்லை எடுக்கும் முறையும் உண்டு. என் மனைவிக்குச் சுரப்பியின் வாசலிலேயே கொண்டைக்கடலை அளவுக்குக் கல் பதிந்து அடிக்கடி சீழ் பிடித்ததால் சுரப்பியையே எடுக்க வேண்டியதாயிற்று. வந்து போகாமல், வலியும் இல்லாமல், கெட்டியாக வளர்ந்துகொண்டே இருக்கும் கட்டியோ வேறு வகை. அதற்கு ஸ்கேனும், ஊசியால் சிறிது திசுவை உறிஞ்சி எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் உடனே தேவை. ஏனெனில் இச்சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுநோயாக இருக்கக்கூடும்.

அறுவை முழு மயக்கத்தில் நடக்கிறது. கழுத்து மடிப்போடு ஒட்டி, தாடை எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே கீறுகிறார்கள். அந்த இரண்டு விரற்கடைக்குக் காரணம் இருக்கிறது: கீழுதட்டை இறக்கும் நரம்பு அச்சுரப்பியின் மேலாகவே ஓடுகிறது. அதை வெட்டாமல் காப்பாற்றினாலும், அறுவையின்போது இழுபடுவதால் சில வாரம், சில மாதம் அது சோர்ந்துபோகலாம்.

இது எங்களுக்கு அன்று தெரியாது. மறுநாள் காலை கொடுத்த தேநீர் அவளது இடக்கடைவாயில் வழிந்து சேலையில் சொட்டியது. பேசச் சொன்னால் கீழுதடு ஒரு பக்கம் மட்டும் இறங்கியது, மறுபக்கம் அசையவில்லை. பக்கவாதம் வந்துவிட்டது என்று அவள் அழுதாள். பார்க்க வந்த உறவினர்கள், எதையோ வெட்டிவிட்டார்கள் என்று மருத்துவரைச் சாடத் தொடங்கினார்கள். சுற்றுக்கு வந்த மருத்துவர், "இது வரக்கூடியதுதான்மா, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் சொன்னது உண்மையே. இரண்டரை மாதத்தில் உதடு பழையபடி ஆனது. அந்த ஒரு வரியை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வார அழுகை மிச்சமாகியிருக்கும்.

ஒப்புதல் படிவத்தில் அது இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, ஆங்கிலத்தில், நான்கு பக்கத்தில். முப்பது ஆண்டு ஆங்கிலம் கற்பித்த நானே, தள்ளுவண்டி வாசலில் நிற்க, காலை ஏழு மணிக்கு அதைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். பாம்பனிலிருந்தோ வாலிநோக்கம் உப்பளத்திலிருந்தோ வரும் ஒரு பெண் என்ன செய்வாள்?

சொல்ல வேண்டியவை அதிகமில்லை. உதட்டைப் போலவே நாக்கின் ஒரு பக்கம் மரத்துப்போகலாம். அரிதாக நாக்கின் அசைவும் குறையலாம். காயத்தில் தேங்கும் இரத்தத்தை இறக்க ஒரு டிரெயின் குழாய் வைப்பார்கள். பெரும்பாலும் அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ எடுத்துவிடுவார்கள். தையல் பிரிக்க ஒரு வாரம் ஆகும். பளுவான வேலைக்குத் திரும்ப இரண்டு வாரம் ஆகலாம். தழும்பைச் சுற்றி மரத்திருப்பது மெதுவாகத்தான் குறையும். பலரும் அஞ்சுவது போல வாய் வறண்டுவிடுவதில்லை. மற்றச் சுரப்பிகள் ஈடுகொடுக்கின்றன. எடுத்த சுரப்பியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த முடிவைக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. காதுக்கு முன்னேயுள்ள சுரப்பியில் அறுவை என்றால் கணக்கே வேறு: முகம் முழுவதையும் அசைக்கும் நரம்பு அதனூடே போகிறது, சிலருக்குப் பல மாதங்கள் கழித்துச் சாப்பிடும்போது கன்னம் வியர்ப்பதும் உண்டு.

2022-இல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பிறகும் பலர் மதுரைக்கே போகிறார்கள். எங்கே போனாலும், அறுவைக்கு முதல் நாள் மாலை, நோயாளியும் வீட்டார் ஒருவரும் உட்கார்ந்திருக்க, மேற்சொன்னவற்றைத் தமிழில் பத்து நிமிடம் எடுத்துச் சொல்வதையும், ஒரு பக்கத் தமிழ்த் தாளைக் கையில் கொடுப்பதையும் மருத்துவமனைகள் வழக்கமாக்க வேண்டும். அந்தத் தாளின் தலைப்பில் ஒன்றைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்: முதல் ஓரிரு நாளில் கழுத்து திடீரென்று வீங்கி இறுகினாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, அது உள்ளே இரத்தம் கசிவதாக இருக்கலாம், நொடியும் தாமதிக்கக்கூடாது. இராமேசுவரம் தீவிலிருந்தும் தொண்டிப் பக்கமிருந்தும் வருகிறவர்கள் மறுநாளே வீட்டுக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். அவர்களை இன்னும் ஓர் இரவு மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்வதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.